ஆறாயிரத்து இருநூறு

முதல் வருஷம் அவள் சொன்னபோது
ஃப்ரிட்ஜைத்தான் சந்தேகித்தேன்.
அது என் தொழில்.
மரீஞ்ஞா கிராந்தியில் பாதி வீட்டு ஃப்ரிட்ஜுகள்
என் காதுக்குப் பழக்கம்.
கம்ப்ரசர் இருமினால் இன்ன கோளாறு,
முனகினால் இன்னது என்று
கதவைத் திறக்காமலே சொல்வேன்.
நள்ளிரவில் எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன்.
"இன்னும் கேட்கிறது" என்றாள் ஒத்தீலியா.
ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரசரையே மாற்றினேன்.
மத்தி மீன் கெட்டுப்போனதுதான் மிச்சம்.

அப்புறம் மீட்டர் பெட்டி. தண்ணீர்க் குழாய்.
எதிர்வீட்டு ஆன்டெனா.
தேடுவதற்கு வீட்டில் எதுவும் பாக்கியில்லாத அன்று
"ஒன்றுமில்லை" என்றேன்.
ஒன்பது வருஷம் அதையே சொன்னேன்.

பாட்டில் தொழிற்சாலையில்
முப்பத்தோரு வருஷம் பெல்ட் ஓரம் நின்றவள்.
நிமிஷத்துக்கு முந்நூறு பாட்டில்
ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு போகும்.
விரிசல் விட்டதை மட்டும்
விரலால் தட்டி வெளியே எடுக்க வேண்டும்.
ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.
பாட்டில்களும் கூடவே வந்துவிட்டன.

லெய்ரியா ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் பெண்
மாத்திரை எழுதவில்லை.
போனை வாங்கி ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள்.
"முதலில் உங்கள் சத்தத்தைக் கண்டுபிடியுங்கள்."

சமையல் மேசையில்
எண்ணெய்ப் புட்டிக்கும் ரொட்டிக்கும் நடுவே போன்.
திரையில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி.
உப்புப் பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு
கட்டைவிரலால் நகர்த்தினாள்.
கொஞ்சம் மேலே.
இல்லை, கீழே.
மயிரிழை மேலே.
"இதுதான்."
ஆறாயிரத்து இருநூறு ஹெர்ட்ஸ்.

இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

கண்ணாடிமேல் கண்ணாடி இழுபடுகிறது,
மூச்சு வாங்காமல்.
பத்து வினாடி தாங்கினேன்.
பிடுங்கி ரொட்டிமேல் போட்டேன்.
"இதுவா?"
"இதேதான்."
"எப்போதெல்லாம்?"
அவள் சிரித்துவிட்டாள்.
"நீ ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றாயே,
அதைக்கூட இதற்கு மேலேதான் கேட்டேன்."

செயலியில் பதினான்கு சத்தங்கள்.
மூழ்கடிக்கக் கூடாது, அதுதான் விதி;
ஒரு படி கீழே வைத்து இரண்டையும் கலக்கவிட வேண்டும்.
மழை பிடிக்கவில்லை, துணி காயப்போட்ட ஞாபகம் வருகிறதாம்.
அலை உதவவில்லை,
போய்த் திரும்புகிற இடைவெளியில் அது எட்டிப்பார்க்கிறது.
எரியும் விறகுச் சத்தம் ஒன்று இருந்தது.
பைன் காடு பற்றிய வருஷத்துக்கப்புறம்
எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்டுத் தூங்கமாட்டார்கள்.
"சொந்தமாகவும் பதியலாம் என்று போட்டிருக்கிறது" என்றாள்.
"அந்தப் பழைய கம்ப்ரசரை வைத்திருக்கிறாயா?"

வைத்திருந்தேன். நான் எதையும் எறிவதில்லை.
கொட்டகையில் வயரை முடுக்கி ஓடவிட்டேன்.
குழாய் வழியே காற்றை இழுத்து
சீறிக்கொண்டு கிடந்தது, கிழட்டுப் பூனை மாதிரி.
அவள் போனை நீட்டியபடி நின்றாள்.
நான் இருமலை அடக்கிக்கொண்டேன்.
அப்படியும் நாலாவது நிமிஷத்தில் ஒன்று விழுந்திருக்கிறது.
இப்போது இரவுதோறும்
அவள் காதுக்குள் நான் ஒருதரம் இருமுகிறேன்.

ராத்திரி பதினொரு மணிக்குப் போன் கேட்கும்:
இன்று எவ்வளவு தொந்தரவு? சைபரிலிருந்து பத்துவரை.
எட்டு. எட்டு. ஒன்பது. எட்டு.
மார்ச் முழுக்க எட்டு.
காசைத் திருப்பிக் கேட்கலாம் என்றேன்.
இலவசம் என்றாள்.

ஏப்ரலில் ஒருநாள்
கையில் கத்தியோடு கூடத்துக்கு வந்தாள்.
"இப்போது அது இல்லாமல் இருந்தது.
இல்லையே என்று நினைத்தேன், உடனே வந்துவிட்டது."

"எவ்வளவு நேரம் இல்லை?"

கடிகாரத்தைப் பார்த்தாள். அது உதவவில்லை.
திரும்பிப் போய்
பாத்திரத்தில் உரித்துக் கிடந்ததை எண்ணினாள்.

"ஏழு உருளைக்கிழங்கு."